பதினேழாம் கேள்வியும் நாலு பேரும்

என் கடை மேசையின் மேல், ஸ்டேப்ளருக்கும் பசை டப்பாவுக்கும் நடுவில், ஒரு ஊரே அசையாமல் நின்றுகொண்டிருந்தது.

ஊர் என்றால் அறுபத்து மூன்று புள்ளிகள். வைதேகியின் லேப்டாப் திரையில் ஒரு வளைந்த நீலக்கோடு. அதன் இரண்டு கரையிலும் சாம்பல் நிறத்தில் அவை உட்கார்ந்திருந்தன. நீலக்கோடு வாய்க்கால். ஒவ்வொரு புள்ளியும் ஒரு வீடு. வாய்க்கால் தூர்வார மண்வெட்டியோடு கிளம்பும் வீடு பச்சையாக மாறும். அப்படித்தான் வைதேகி எனக்குச் சொல்லியிருந்தாள்.

பொத்தானைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். பக்கத்து டீக்கடையில் டம்ளர்களை வாளியில் அலசும் சத்தம் கேட்டது.

“ஹேங் ஆயிடுச்சா?” என்றேன். ஜெராக்ஸ் கடைக்காரிக்கு முதலில் வரும் சந்தேகம் அதுதானே.

“இல்லக்கா. ஓடிக்கிட்டுத்தான் இருக்கு.”

“ஒண்ணும் அசையலையே.”

“அசையாமலே ஓடுது. அதோட கணக்குல இப்ப நாப்பது நாள் ஆச்சு.”

நாற்பது நாள், ஒரு ஆள்கூட வரவில்லை. பொம்மை ஊர்தான் என்று தெரியும். ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. அதிலும் ஏழாம் நம்பர் புள்ளி மேல் தனிக் கோபம். அது யார் வீடு என்று எனக்குத் தெரியும்.

நான் இதில் மாட்டிக்கொண்ட கதை

இந்தத் தொடரை இன்று முதல் தடவையாகப் பிரிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. திருக்காட்டுப்பள்ளிக் கடைத்தெருவில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பள்ளிக்கூடத்தில் படித்தது எட்டாம் வகுப்பு வரை. மிச்சத்தையெல்லாம் பிரதி எடுக்க வந்த தாள்களில் படித்தேன். சிட்டா, அடங்கல், ஜாதகம், கோர்ட் தீர்ப்பு, கல்லூரிப் பிள்ளைகளின் ஆராய்ச்சிக் கட்டு, எது வந்தாலும் மிஷின் சுற்றும் நேரத்தில் இரண்டு பக்கம் வாசித்துவிடுவேன். தாள் சூடாக வெளியே வரும். அந்தச் சூடு ஆறுவதற்குள் வாசித்தால்தான் உண்டு.

வீணாய்ப்போன தாள்களின் பின்பக்கத்தில் வேறொன்று எழுதுவேன். கடைக்கு வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் வார்த்தைகள். ஒரு பெரியவர் ஆதார் அட்டையை நீட்டிச் சொன்னார்: “இதுல இருக்கறது வேற யாரோம்மா. ஆனா அவன் பேர்லதான் எனக்கு அரிசி வருது.” இன்னொரு பெண்: “எங்க வீட்டுக்காரர் பேசவே மாட்டாரு. பேசாமலே ரெண்டு நாள் சண்டை போடுவாரு.” இப்படி மூன்று அட்டைப்பெட்டி நிறைய இருக்கிறது. எலிக்கும் அதில் பங்கு உண்டு.

வைதேகி பட்டணத்துக் கல்லூரி ஒன்றில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பவள். நாற்பதை எட்டிக்கொண்டிருந்தாள். கேள்வித்தாள் அச்சடிக்க வந்தவள் என் பேச்சில் அகப்பட்டுக்கொண்டாள். முதல் வாரம் மேடம் என்று கூப்பிட்டேன். இரண்டாம் வாரம் அவளே “வைதேகின்னு சொல்லுங்கக்கா, மேடம்னா யாரையோ கூப்பிடற மாதிரி இருக்கு” என்றாள்.

“இந்த ஊரைக் கம்ப்யூட்டர்ல வச்சு என்ன பண்ணப் போற?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஊர் ஒரு காரியம் செய்யுதுன்னு சொல்றோம்ல, அதை ஊர் செய்யுதா, இல்ல தனித்தனி ஆளு செய்யுறாங்களா? ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு விதி குடுத்து உள்ள விட்டுடுவேன். யாருக்கும் மேல அதிகாரி கிடையாது. கடைசியில ஊர் மாதிரி ஒண்ணு அதுவா எழுந்து வருதான்னு பாக்கணும்.”

“ஊர்ங்கறதே ஆளுங்கதானே?”

“அதான்க்கா எங்க படிப்புல பெரிய சண்டையே” என்று சிரித்தாள்.

அவள் தேர்ந்தெடுத்த ஊர் எங்கள் கடைத்தெருவிலிருந்து சைக்கிள் மிதிக்கும் தூரம்தான். பேரைச் சொல்லமாட்டேன், தினமும் அவர்கள் முகத்தில் விழிக்க வேண்டும். பெரிய வாய்க்காலிலிருந்து அந்த ஊருக்குள் ஒரு கன்னி வாய்க்கால் பிரிகிறது. பெரிய வாய்க்காலைப் பொக்லைன் வந்து அள்ளிவிடும். கன்னி வாய்க்காலுக்குப் பாசனக்காரர்கள்தான் இறங்க வேண்டும். தண்டோரா கிடையாது, கூட்டம் கிடையாது, முறை எழுதிய நோட்டு கிடையாது. ஆனாலும் வருஷா வருஷம் தண்ணீர் வருவதற்குள் எப்படியோ சுத்தமாகிவிடும். அந்த ‘எப்படியோ’வைத்தான் வைதேகி பிடிக்க வந்திருந்தாள்.

அவள் போய்க் கேட்டால் அந்த வீடுகளில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, கலர் வாங்கிக் கொடுத்து, ஒன்றும் சொல்லாமல் அனுப்பினார்கள். அதனால் கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு நான் போனேன்.

பதினேழாம் கேள்வி இப்படி இருந்தது: வாய்க்கால் வேலைக்கு மற்றவர்கள் எத்தனை பேர் வந்தால் நீங்கள் வருவீர்கள்? பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. அறுபத்து மூன்று வீட்டிலும் ஒரே பதில்.

“நாலு பேர் வந்தா நானும் வந்துட்டுப் போறேன்.”

பெட்டியில் 4 என்று எழுதினேன். அழகாக, ஒரே மாதிரி.

நாலு என்றால் எத்தனை?

“எல்லாரும் நாலு பேருக்காக நிக்கிறாங்க” என்றாள் வைதேகி, திரையைப் பார்த்தபடி. “முதல் ஆள் கிளம்பணும்னா அவனுக்கு முன்னாடி நாலு பேர் வேணும். அந்த நாலு பேருக்கும் நாலு பேர் வேணும். யாருக்கா அந்த நாலு பேர்?”

அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது.

நாலு எழுத்துப் படித்தவன் என்கிறோம். அவனுக்கு அ, ஆ, இ, ஈ மட்டுமா தெரியும்? நாலு இடம் போய் வந்தவன், நாலு வார்த்தை சூடாகக் கேட்டவன், நாலு பேருக்கு முன்னால் தலைகுனிந்தவன், இதில் எதிலாவது யாராவது விரல் விட்டு எண்ணியிருக்கிறார்களா? எனக்குத் தெரிந்து, நம் பேச்சில் நாலு பேர் என்றால் சரியாக நாலே பேர் வேண்டியிருப்பது கடைசிப் பயணத்தில் தோள் கொடுக்கத்தான். மற்ற இடத்தில் அது ஒரு கண். நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கும் ஒரு கண்.

பிறந்ததிலிருந்து இந்தத் தமிழில் கிடக்கிற நான், பெட்டியைப் பார்த்ததும் எண்ணாக எழுதிவிட்டேன். பெட்டி அப்படி. அதைப் பார்த்தால் கை தானாக எண் போடும்.

சொன்னேன். வைதேகி திட்டவில்லை. பதினேழாம் கேள்வியைப் பேனாவால் வட்டமிட்டாள். “அப்ப மறுபடி கேக்கலாமா? எந்த நாலு பேர்னு?”

கேட்டேன். மறுபடி படியேறி இறங்கினேன்.

“எந்த நாலு பேர்னா என்னம்மா கேள்வி, நாலு பேர்தான்” என்றார் ஒருவர்.

இன்னொருவர் கொஞ்சம் விவரமாகச் சொன்னார்: “தலைமடைக்காரர் தங்கையன் வந்தாருன்னு வச்சுக்க, அவர் ஒருத்தரே நாலு பேரு. என் மச்சான் வந்தான்னா, அவனோட இன்னும் மூணு பேர் வந்தாலும் யாரும் வராத மாதிரிதான்.”

இதை வைதேகி விழுந்து விழுந்து எழுதிக்கொண்டாள். நானும் என் அட்டைப்பெட்டித் தாளில் எழுதிக்கொண்டேன்.

இருபத்திரண்டு நாள் நாற்று

இதற்குள் கல்லணையில் தண்ணீர் திறந்தாயிற்று. பெரிய வாய்க்காலில் செம்மண் நிறத்தில் நுரை கட்டி ஓடிக்கொண்டிருந்தது. கன்னி வாய்க்காலிலோ கோரை ஆள் உயரம், அங்கங்கே தேங்கிய குட்டையில் ஆகாயத்தாமரை. தலைமடைக்காரர்களுக்கு அவசரம் இல்லை. போர் மோட்டார் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் பத்தடி தூரத்தில் மதகு இருக்கிறது.

அவசரம் ராசாத்திக்கு. தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில் ஒன்றரை ஏக்கர் அவளுக்கு. முன்பு நடவு ஆட்களைச் சேர்த்து அழைத்துப்போகிறவளாக இருந்தாள். அந்த வருமானத்தில் சிறுகச் சிறுக வாங்கிய நிலம். குறுவைக்கு நாற்று விட்டிருந்தாள். தண்ணீர் கொடுத்துவந்த பக்கத்து வயல் மோட்டார் காயில் கம்பி எரிந்து பட்டறைக்குப் போய்விட்டது.

இரண்டாம் தடவை நான் கேள்வித்தாளோடு போன அன்று அவள் நாற்றங்கால் வரப்பில் குந்தியிருந்தாள். நாற்றின் நுனி பழுத்திருந்தது.

“எத்தனை நாள் நாத்து ராசாத்தி?”

“இன்னியோட இருபத்திரண்டுக்கா. இன்னும் ஒரு வாரம் தாங்கும். அப்புறம் முத்திடும், நட்டாலும் தூர் வெடிச்சுக் கிளைக்காது. வயல்ல சேறு அடிக்கத் தண்ணி இல்லாம இதைப் பறிச்சு நான் எங்க நட?”

“போயி நாலு பேரைக் கூப்பிட வேண்டியதுதானே? தங்கையன்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா…”

அவள் ஒரு நாற்றைப் பிடுங்கி வேரைப் பார்த்தாள். “கூப்பிட்டா வருவாங்கக்கா. வரமாட்டாங்கன்னு சொல்லல. ஆனா ராசாத்திக்காக வந்தோம்னு ஆயிடும். வாய்க்காலுக்குல்ல வரணும்?”

பிடுங்கிய நாற்றை வரப்பில் வைத்தாள். அவளே தொடர்ந்தாள்.

“எங்கம்மா தங்கையனோட அப்பாவை ஆண்டேன்னு கூப்பிட்டுச்சு. கையக் கட்டிக்கிட்டுக் கேட்டுச்சு. நான் வாங்க போங்கன்னுதான் பேசறேன். கையக் கட்டறது எங்கம்மாவோட போச்சு. நாத்து காஞ்சாலும் அது திரும்ப வேணாம்.”

வைதேகியின் கேள்வித்தாளில் இதற்குப் பெட்டி இல்லை. ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதிக்கொண்டு வந்தேன்.

என் வாய்

திரையில் புள்ளிகள் அசையாமல் நின்ற அன்றே வைதேகி என்னிடம் கேட்டுக்கொண்டாள். “அக்கா, கம்ப்யூட்டர் என்ன காட்டுச்சுன்னு ஊர்ல யாருக்கும் தெரியக்கூடாது. தெரிஞ்சா அவங்க வழக்கமா செய்யறது மாறிடும். அப்புறம் நான் பாக்கறது உண்மையா இருக்காது.”

“சத்தியமாச் சொல்லமாட்டேன்” என்றேன். சொல்லும்போது உண்மையாகத்தான் சொன்னேன்.

ராசாத்தியைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை தங்கையன் வந்தார். ஏழாம் நம்பர் புள்ளி. தலைமடையில் ஆறு ஏக்கர், வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் மூன்று பேனா, அதில் ஒன்றுதான் எழுதும். ஜமாபந்தி மனுவுக்குச் சிட்டா நகல் எடுக்க வந்திருந்தார். மிஷின் சூடாகட்டும் என்று உட்காரவைத்தேன். அதுதான் தப்பு.

“ஏம்மா, அந்தம்மா கம்ப்யூட்டர்ல நம்ம ஊர் தெரியுதாமே?”

“தெரியுதுங்க.”

“எப்படி இருக்கு?”

நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் நுனி பழுத்த அந்த நாற்று கண்ணுக்குள்ளேயே நின்றது.

“யாருமே அசையலைங்க” என்றேன்.

“யாருமேன்னா?”

“அறுபத்து மூணு வீடும். வாய்க்கால் கோரையோட கெடக்கு. ஒருத்தரும் வரல.”

“நானுமா?”

“நீங்க ஏழாம் நம்பர் புள்ளிங்க. அப்படியே உக்காந்திருக்கீங்க.”

பேனாக்களைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “நான் போகமாட்டேன்னு அதுக்கு எப்படித் தெரியும்? என்னைக் கேட்டுச்சா?”

“நான்தான் வந்து கேட்டேனே. நாலு பேர் வந்தா வர்றேன்னீங்க.”

“அடடா, அது பேச்சுக்குச் சொல்றதும்மா! பேச்சுக்குச் சொன்னதையெல்லாம் மிஷின்ல போடுவீங்களா?”

சிட்டா நகலை வாங்காமலே எழுந்து போனார். அன்று மத்தியானம் டீக்கடையில் ஒரே சத்தம். “நாம வரமாட்டோமாம்ல, கம்ப்யூட்டர் சொல்லுதாம்.” “அதுல உனக்கு மீசை இருக்கா பாத்தியா?” “மீசை எதுக்கு, புள்ளிதானேடா நீ.” நான் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன்.

யார் முதலில்?

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரம். வைதேகி என் கடை வாசலுக்கு மூச்சிரைக்க வந்தாள். “அக்கா, வாய்க்கால்ல ஆளுங்க!”

அவள் ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தேன். போய்ப் பார்த்தால் மதகிலிருந்து வளைவு வரை மனிதத் தலைகள். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை. அறுத்த கோரையின் பச்சை வாசனையும் கிளறின சேற்றின் நாற்றமும் கலந்து மூக்கில் ஏறியது. கொக்குகள் ஆட்களுக்கு இரண்டடி தள்ளி நின்று புழு பொறுக்கின. என் கேள்வித்தாளில் மச்சானைத் திட்டினவர், அதே மச்சானோடு சேர்ந்து ஆகாயத்தாமரையைக் கயிறு போட்டு இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளும் அடுத்த நாளும் வேலை நடந்தது. மூன்றாம் நாள் மதகைத் தூக்கினார்கள். தண்ணீர் வரும்போது முன்னால் சருகுகளையும் ஒற்றைச் செருப்பையும் தள்ளிக்கொண்டு வந்தது. நடந்தே அதன் கூடப் போனோம். கடைமடைக்கு வந்து சேர மாலை ஆகிவிட்டது. ராசாத்தி தன் வயலுக்குத் தண்ணீர் பாயும் வாய்மடையை வெட்டிவிட்டுக் காலைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றாள். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. யாரும் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

இருபத்தெட்டாம் நாள் அந்த நாற்று வயலில் இறங்கியது.

வைதேகிக்கு ஒரே ஒரு கேள்விதான் பாக்கி. முதல் ஆள் யார்? எந்தப் புள்ளி முதலில் பச்சையானது? ஒவ்வொருவராகக் கேட்டோம். எனக்கு முன்னாடி அவர், அவருக்கு முன்னாடி இவர் என்று கை காட்டிக் காட்டி, கடைசியில் எல்லாக் கையும் தங்கையனிடம் போய் நின்றது.

தங்கையன் ஒரே போடாக மறுத்தார். “நான் எங்கம்மா முதல்ல? நெசமாவே யாரும் வரலையான்னு பாத்துட்டு வரலாம்னு போனேன். மண்வெட்டி பழக்கதோஷத்துல தோள்ல ஏறிக்கிச்சு. வளைவுகிட்ட போனா, கோரைக்குள்ள ராசாத்தி குனிஞ்சு வாரிக்கிட்டு நிக்குது. அது ஒத்தையில வாரிக்கிட்டு நிக்கிறப்ப நான் கரையில நின்னு பாக்கவா?”

மண்வெட்டியோடு போகும் தங்கையனை அந்த ஊர் டீக்கடை பார்த்தது. தங்கையன் ஒருவரே நாலு பேர் என்பது முன்பே சொன்ன கணக்கு. மீதி ஊர் அப்படித்தான் வந்தது.

“அப்ப முதல் ஆள் நீதான் ராசாத்தி” என்று வைதேகி போய் நின்றாள். முகமெல்லாம் மலர்ச்சி.

ராசாத்தி விழித்தாள். “நான் எங்க தூர்வாரினேன்? நாத்துக்குத் தெளிக்கத் தண்ணி இல்லாம, வாய்க்கால் குட்டையில கொடத்துல மொண்டுக்க எறங்கினேன். கோரை மறைச்சுது, ரெண்டு கொத்துப் பிடுங்கிப் போட்டேன். நிமிந்து பாத்தா பின்னாடி அவரு மண்வெட்டியோட எறங்கறாரு. சரி, ஊரு வந்திடுச்சு போலன்னு கொடத்தை வச்சுட்டு நானும் சேந்துக்கிட்டேன்.”

வைதேகி வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் இவளைப் பார்த்து வந்தார். இவள் அவரைப் பார்த்துச் சேர்ந்தாள். முதல் ஆள் என்று யாருமே இல்லை.

“இதை எப்படிக்கா எழுதறது?” என்றாள்.

“நடந்த மாதிரியே எழுது” என்றேன். பிறகு மனசு கேட்காமல், தங்கையனிடம் நான் உளறியதையும் சொன்னேன்.

வைதேகி நோட்டை மூடினாள். கோபமாகத்தான் இருந்தாள், காது சிவந்திருந்தது. “ஒரு புள்ளி விட்டுட்டேன்க்கா” என்றாள். “நிலம் இல்லாத புள்ளி. கடைத்தெருவுல உக்காந்து பேசற புள்ளி.”

அறுபத்து நான்காம் புள்ளி நான். அவள் ஆராய்ச்சி அதோடு கெட்டுப்போகவில்லை. இன்னும் வருகிறாள். இப்போது கேள்வித்தாளில் பதினேழாம் கேள்விக்குப் பெட்டி கிடையாது, நாலு வரி இடம் விட்டிருக்கிறாள். அந்த நாலு மட்டும் எண்ணித்தான் போட்டாளாம்.

காலிக் குடம்

அடுத்த வருஷம் ராசாத்தி போர் போட்டுவிட்டாள். மகன் வேலைக்குப் போய் அனுப்பிய பணம். நாற்றுக்குத் தண்ணீர் பஞ்சம் இல்லை. ஆனாலும் கல்லணை திறந்த மறுநாள் விடியற்காலையில் இடுப்பில் குடத்தோடு வாய்க்காலில் இறங்கிப்போனாள் என்று கேள்விப்பட்டேன். அந்த வருஷம் வாய்க்காலில் குட்டைகூட இல்லை, காய்ந்து வெடித்துக் கிடந்தது. அரை மணி நேரத்தில் தங்கையன் வந்தார். அப்புறம் ஊர் வந்தது.

அதற்கடுத்த வருஷமும் அப்படியே.

பொறுக்க முடியாமல் அவளிடம் கேட்டேன். “ஏண்டி, கொடம் எதுக்கு?”

“கொடம் இல்லாம போனா, வாங்கன்னு கூப்பிட்ட மாதிரி இருக்கும்லக்கா” என்றாள்.

இதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று உண்மையாகவே வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். வைதேகியிடம்கூடச் சொல்லவில்லை. ஆனால் போன வாரம் தங்கையன் பட்டா நகல் எடுக்க வந்தார். மிஷின் சூடாகட்டும் என்று உட்காரவைத்தேன்.

“ஏங்க, ராசாத்தி வருஷா வருஷம் குடத்தோட போகுதே, பாத்திருக்கீங்களா?” என்று மெதுவாக ஆரம்பித்தேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“காலிக் குடம்னு எனக்குத் தெரியாதாம்மா? அதுல தண்ணி மொள்ள என்ன இருக்கு அங்க?” சட்டைப்பையிலிருந்து எழுதாத பேனா ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பச் செருகினார். “அந்தக் குடம் போயிடுச்சான்னு பாத்துட்டுத்தான் நான் மண்வெட்டியவே எடுக்கறேன்.”